லோங்காங் மேசை

மலேசியாவின் கிள்ளானில் நடுரோட்டில் கார் கெட்டு நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தம்புசாமியைத் தெரியும். மீதிப் பேருக்கு இனிமேல் தெரியவரும். பின்னால் கொக்கியும் சங்கிலியும் ஆடுகிற மஞ்சள் லோரியில் வந்து, உயிர் போன காரைத் தூக்கி மாட்டி, ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிட்டுப் போவதுதான் அவர் பிழைப்பு. வயது ஐம்பத்தாறு. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். காரை மாட்டும்போது பின்னால் பாய்ந்து வருகிற வண்டிகளை ஒதுக்க அதை ஊதுவார். அவர் ஊதினால் பஸ்கூட நிற்கும்.

கார்க்காரர் லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். மலாய்க்காரர், சீனர், தமிழர், வங்காளி என்று எல்லாரும் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரிடமும் தம்புசாமி மூன்றே விஷயம்தான் கேட்பார். எங்கே இறக்கணும்? இன்சூரன்ஸ் இருக்கா? வர்ற வழியில ரோடு ஜாமா? ஒரு தடவை ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளான் வரைக்கும் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். தம்புசாமி வழி நெடுக ஜாமைப் பற்றியே பேசினார். நடுவில் டிஷ்யூ பெட்டியை மட்டும் அவள் பக்கம் தள்ளிவைத்தார். இறங்கும்போது அவள், "நீங்க ஒண்ணுமே கேக்கல அங்கிள்" என்றாள். அதைத் தனக்குக் கிடைத்த மெடலாக எடுத்துக்கொண்டு அவர் பல வருடம் சொல்லித் திரிந்தார்.

காலை ஏழு மணிக்கு நானா கடை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு தகரக் கொட்டகை. கடைக்காரர் பெயர் நைனா முகமது. ஊரே 'நானா' என்றுதான் கூப்பிடும். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நல்ல மேசை, அது இவர்களுக்கு. இவர்கள் என்றால் மூன்று பேர். தம்புசாமி. ஆ சூன் என்கிற சீனர், பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவர், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததால் இவர்களை விட நன்றாகத் தமிழில் திட்டத் தெரிந்தவர். மூன்றாவது கொர்னேலியஸ். தெலுக் பங்லிமா காராங்கில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் பார்க்கிற ஒல்லியான மனிதர். பாலும் சீனியும் போடாத கறுப்புத் தேநீர்தான் குடிப்பார். 'தே ஓ கோசோங்' என்று அவர் சொல்வதற்குள் நானா கொண்டுவந்து வைத்துவிடுவார். இப்படியே பதினொரு வருடம்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டது தம்புசாமி.

ஏழு வருடத்துக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை சீதாலெட்சுமி மகளின் பிறந்தநாள் விருந்து. தங்கை புருஷன் ராஜன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னான். தம்புசாமி ஒரு வார்த்தை சொன்னார். அவன் ரெண்டு வார்த்தை சொன்னான். கேக் வெட்டுவதற்குள் இருவரும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. தங்கை மட்டும் காலையில் பூப்படம் போட்ட குட் மார்னிங் அனுப்புவாள். இவர் பதிலுக்கு வேறொரு பூ அனுப்புவார். அண்ணன் தங்கை உறவு செம்பருத்தியிலும் தாமரையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே தம்புசாமி நானா கடையில் மேசையைத் தட்டிச் சொன்னார்: "மதம், இனம், அரசியல். இந்த மூணையும் இந்த மேசையில எவனும் பேசக்கூடாது. வாயால ஒரு குடும்பத்த இழந்தது போதும், உங்களயும் இழக்க முடியாது. பேசினா விசில் ஊதுவேன். ஊதினா லோங்காங் மேசை."

லோங்காங் என்றால் சாக்கடை. கடையின் ஓரத்தில் கால்வாயை ஒட்டி ஒரு மேசை கிடந்தது. ஒரு கால் குட்டை, அதற்குக் கீழே செங்கல். மழை பெய்தால் வாசம் வரும். வெயிலடித்தால் இன்னும் நன்றாக வரும். ஒற்றைக் கண் பூனை ஒன்று அதன் மேல் படுத்திருக்கும். குற்றவாளி தன் கிளாஸை எடுத்துக்கொண்டு போய், பூனையை நகர்த்திவிட்டு, டீ முடிகிற வரை அங்கே உட்கார வேண்டும். "அங்க உக்காந்து என்ன வேணும்னாலும் பேசிக்கலாம்" என்று தம்புசாமி பெருந்தன்மையாக ஒரு சலுகையும் கொடுத்தார். கேட்க ஆளிருக்காது, பூனையைத் தவிர.

சட்டம் ஜோராக நடந்தது. ஆ சூன் சீனப் பெருநாளுக்குக் கடை மூடுவதைச் சொல்ல வந்து மாட்டினார். நானா மட்டும் கெட்டிக்காரர்.

"அடுத்த மாசம் பகல்ல கடை கெடையாது" என்றார் ஒரு நாள்.

"ஏன் நானா?" என்றார் தம்புசாமி.

"காரணத்தச் சொன்னா ஊதுவே. நீயா காலண்டரப் பாத்துக்க."

இப்படியாக மூன்று பேரும் ஜாம், டுரியான் பழ விலை, ஃபுட்பால், முதுகுவலி ஆகியவற்றைப் பற்றி ஏழு வருடம் மனம்விட்டுப் பேசினார்கள். தம்புசாமிக்கு அதில் பெரிய பெருமை. "நாட்டுல இருக்கறவன்லாம் அடிச்சிக்கறான். எங்க மேசையப் பாரு" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. கொர்னேலியஸ் தேநீரைத் தொடவில்லை. கிளாஸைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தம்பு, ஒன்ன ஒரு விஷயம் கேக்கணும். உங்க இந்து ஆளுங்க வீட்டுல..."

விசில் அந்தச் சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒலித்தது. எதிர்ப்பக்கம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த வேன்காரர் பதறி பிரேக் போட்டார்.

"கொர்னி அண்ணே! ஏழு வருஷத்துல மொத தடவ! நீங்களா?" தம்புசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "போங்க, போங்க. பூனை காத்துக்கிட்டிருக்கு."

"இல்ல தம்பு, இது அந்த மாதிரி இல்ல..."

விசில் மறுபடியும் ஒலித்தது. ஆ சூன் கைதட்டினார்.

கொர்னேலியஸ் எழுந்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு லோங்காங் மேசைக்குப் போனார். பூனையை நகர்த்தவில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அஞ்சு நிமிடம் சாக்கடையைப் பார்த்தார். தேநீர் அப்படியே இருக்க, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை நானா பழக்கத்தில் ஒரு தே ஓ கோசோங் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து அசடு வழிந்து திருப்பி எடுத்துப் போனார்.

"போன் போடு லா" என்றார் ஆ சூன்.

தம்புசாமி போனைத் தடவினார். நம்பர் இருந்தது. கூப்பிட்டால், இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள். கொர்னேலியஸ் எப்போதோ நம்பரை மாற்றியிருக்கிறார். பதினொரு வருடத்தில் யாரும் யாருக்கும் போன் போட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஏழு மணிக்கு வருகிற ஆளுக்கு எதற்குப் போன்?

"வீடு எங்க?" என்று தம்புசாமி கேட்டார்.

"கிள்ளான்லதான்."

"கிள்ளான்ல எங்க?"

தம்புசாமி ஆ சூனைப் பார்த்தார். ஆ சூன் நானாவைப் பார்த்தார். நானா ரொட்டி மாவைப் பார்த்தார்.

"புள்ளைங்க எத்தன?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"பொண்டாட்டி பேரு?"

"தம்பி," என்றார் ஆ சூன் நிதானமாக, "அந்த ஆளோட மோட்டார் சைக்கிள்ல எந்த டயர் தேஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். எடது முட்டி வலின்னு தெரியும். டீக்குச் சீனி வேணாம்னு தெரியும். வேற ஒரு எழவும் தெரியாது. எல்லாம் ஒன் விசிலால வந்த வெனை."

தம்புசாமி அன்றைக்கு மூன்று கார் இழுத்தார். மூன்றாவது காரின் சொந்தக்காரரிடம் ஜாமைப் பற்றிப் பேச வாயெடுத்து, பேசாமல் விட்டார். உங்க இந்து ஆளுங்க வீட்டுல... என்ன? அந்த வாக்கியத்தின் மீதி என்ன? ராஜனையாவது கத்தித் தொலைத்தார். இந்த மனிதரைச் சிரித்துக்கொண்டே தொலைத்துவிட்டாரா?

சனிக்கிழமை ஆ சூனுக்கு ஒரு யோசனை வந்தது. "சண்டே கோயிலுக்குப் போற ஆளுதானே? அங்க போய்ப் புடிப்போம்."

"எந்தக் கோயிலு?"

"அதையும் கேட்டதில்லையா நீ?"

"கேட்டிருந்தா எனக்கே நான் ஊதியிருக்கணும்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, தமிழில் ஆராதனை நடக்கிற ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் வாசலில் மஞ்சள் லோரி வந்து நின்றது. தம்புசாமி பூப்போட்ட நல்ல பாத்தேக் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. அழிக்கணுமா வேண்டாமா என்று லோரிக் கண்ணாடியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அழித்தால் முருகன் கோபிப்பார், அழிக்காவிட்டால் இவர்கள் கோபிப்பார்கள், முருகனைத்தான் தனக்கு அதிக நாளாகத் தெரியும் என்று அப்படியே இறங்கினார். ஆ சூன் கழுத்தில் டை.

வாசலில் புனிதா என்கிற அம்மாள் கைகொடுத்து வரவேற்று, இவர் வாயைத் திறப்பதற்குள் ரெண்டாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டார். நடுவில் எழுந்து போக முடியவில்லை. ஆ சூன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக் குரலில் ஓங்கிப் பாடினார். தமிழ் பேசுகிற சீனரைப் பார்த்து அங்கிருந்த ஆன்டிகள் எல்லாம் உருகிப்போனார்கள். முடிந்ததும் அவர் கையில் உள்ளே கறி வைத்துப் பொரித்த ரெண்டு கறிபாப்பும் ஒரு புதிய ஏற்பாடும் இருந்தன. தம்புசாமிக்கு ஒரு கறிபாப் மட்டும்.

"யாரத் தேடுறீங்க அண்ணே?" என்றார் புனிதா.

"கொர்னேலியஸ்னு ஒருத்தரு. ஒல்லியா, எடது முட்டி வலி."

"அந்தப் பேருக்கு இங்க யாரும் இல்லயே. கத்தோலிக்கரா இருக்கும். நாங்க மெதடிஸ்ட்."

"ரெண்டும் ஒண்ணு இல்லயாம்மா?"

புனிதா அவர் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க முருகன் கோயிலும் மாரியம்மன் கோயிலும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். பூசாரிங்களுக்குள்ள மட்டும் ஆகாது."

"எங்க கதையும் கிட்டத்தட்ட அதேதான்" என்று சொல்லி, கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு வழியும் சொல்லி அனுப்பினார்.

லோரியில் ஏறியதும் தம்புசாமி கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணவில்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார். அவள் பதில் சொன்னாள். கறிபாப்பும் கொடுத்தாள். யாரும் வாசலில் நின்று கத்தவில்லை.

"என்னா யோசிக்கிற?" என்றார் ஆ சூன்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கறிபாப்ல ஒண்ணக் குடு."

கத்தோலிக்கத் தேவாலயத்தில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மரத்தடியில் ஒரு அம்மாள் கடலை வடை விற்றுக்கொண்டிருந்தார். தம்புசாமி கொர்னேலியஸ் பெயரைச் சொன்னதும் அவர் கரண்டியோடு நிமிர்ந்து, இவர் கழுத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் விசில் அண்ணனா?"

தம்புசாமி விசிலைக் கையால் மூடிக்கொண்டார்.

"நான் வெரோனிகா. அவரு வீட்டுக்காரி. பதினோரு வருஷமா தெனமும் உங்க கதைதான் வீட்டுல. 'இன்னைக்கு என்னங்க பேசினீங்க?'ன்னு கேப்பேன். 'ஜாம் பத்தி'ம்பாரு. மறுநா கேப்பேன். 'ஜாம் பத்தி'ம்பாரு." வடையை எண்ணெயிலிருந்து எடுத்தார். "இவ்ளோ பேசியும் அந்த ஜாம் தீரலையே அண்ணே."

"அவரு எங்கம்மா?"

"வீட்டுல. மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. சாயங்காலம் பையன் வீட்டுல வராங்க. வேணாம்னு சொல்லப் போறாராம்."

"எந்தப் பையன்?"

வெரோனிகா அடுப்பை அணைத்தார். மகள் விவியனுக்கு இருபத்தேழு வயது, பல் டாக்டரிடம் வேலை. ஸ்ரீ கெம்பாங்கான் பையன், முகுந்தன், லிஃப்ட் மெக்கானிக், பல்வலியோடு வந்தவன். பல் சரியாகி நாலு வருடம் ஆகியும் வந்துகொண்டே இருக்கிறான். இந்துக் குடும்பம். பெற்றவர்கள் பெண் கேட்டு வரப்போகிறார்கள்.

"இவருக்கு ஒரே கொழப்பம். 'எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே இந்து தம்புதான், அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்றேன்'னு செவ்வாக்கெழம கெளம்பிப் போனாரு. திரும்பி வந்து சொல்றாரு, 'பதினோரு வருஷம் பழகினவனே அந்தப் பேச்ச எடுக்கக்கூடாதுன்னு வெரட்டிட்டான். இனிமே பழகப்போறவங்க எம்பொண்ண என்னா பண்ணுவாங்க? வேணாம்.' அன்னைலருந்து எம்பொண்ணு சாப்புடல."

தம்புசாமி தன் விசிலைப் பார்த்தார். அதன் சத்தத்தை ஒருவர் பதிலாக எடுத்துக்கொள்வார் என்று அவர் நினைத்ததே இல்லை.

வெரோனிகா கூட்டிப்போன வீடு நானா கடையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தச் சின்னத் தெருவில், அந்த லோரோங்கில், தம்புசாமி நாலு தடவை கார் இழுத்திருக்கிறார். ஒரு தடவை பக்கத்து வீட்டு வாசலிலேயே இழுத்தார்.

கொர்னேலியஸ் கேட்டைத் திறந்தார். சிரிக்கவில்லை. ஹாலில் சாய்வு நாற்காலி ஒன்று, சோபா ஒன்று, ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று.

"இதுல எது லோங்காங் மேசைன்னு சொல்லிரு தம்பு. போய் உக்காந்துக்கிறேன்."

ஆ சூன் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். தம்புசாமி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். என்ன பேசுவது? இந்த மாதிரி வேலைக்கு அவரிடம் சாமான் இல்லை. கொக்கி இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லை.

"வர்ற வழியில..." என்று ஆரம்பித்தார். "ஜாம்..."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஜாம் இல்ல" என்று முடித்தார். பிறகு பட்டென்று சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு நீங்க பாதி சொன்னீங்க. மீதியச் சொல்லுங்க. நான் வாயத் தொறக்கல."

கொர்னேலியஸ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். வெரோனிகா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரு கதவு லேசாகத் திறந்தது, விவியனாக இருக்கும்.

"தாலியா மோதிரமா, அதெல்லாம் எனக்குப் பெருசில்ல தம்பு" என்றார் கடைசியில். "எங்கப்பா செத்தப்ப, மூணு நாள் ராத்திரி நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்து ஜெபமாலை சொன்னோம். அந்தச் சத்தத்துலதான் நான் தாங்குனேன். எனக்கு இருக்கறது ஒரே புள்ள. நாளைக்கு நான் செத்தா, அவ வந்து எனக்காக ஜெபம் பண்ண உங்க ஆளுங்க வீட்டுல விடுவாங்களா? இதத்தான் கேக்க வந்தேன்."

ஏழு வருடம் ஜாமையும் முதுகுவலியையும் பேசிய மேசையில் இந்தக் கேள்விதான் உட்கார வந்திருக்கிறது. அதற்குத்தான் அவர் விசில் ஊதியிருக்கிறார்.

"அண்ணே," என்றார் தம்புசாமி, "விடுவாங்கன்னு சொல்லி ஒங்கள சமாதானப்படுத்தலாம். ஆனா எனக்குத் தெரியாது. அந்த வீட்ட எனக்குத் தெரியாது. என் வீட்டத்தான் தெரியும். என் மக ஷாமினி ஒரு கிறிஸ்துவப் பையனக் கூட்டிட்டு வந்து நின்னிருந்தா, நான் நல்லவனா நடந்திருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். எங்க குலதெய்வத்துக்கு யாரு பொங்கல் வெப்பாங்கன்னு கேட்டிருப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என் பொண்டாட்டி லோகேஸ்வரி என்னைத் தூக்கி நெசமான லோங்காங்லயே போட்டிருப்பா."

கொர்னேலியஸின் வாய் ஒரு ஓரமாக வளைந்தது. ஐந்து நாளில் முதல் தடவை என்று வெரோனிகாவின் முகமே சொல்லியது.

"அந்தப் பையன் அப்பாகிட்ட இதக் கேட்டீங்களா?" என்றார் ஆ சூன்.

"எப்பிடிக் கேக்கறது? மொத தடவ வீட்டுக்கு வராங்க. சோபால உக்காருவாங்க. கேக்கு குடுப்போம். 'நல்லா இருக்கீங்களா, ஜாமா'ன்னு கேப்போம். சாவு பத்தி எப்பிடிக் கேக்கறது?"

தம்புசாமி எழுந்து நின்றார். "அப்ப சோபா வேணாம். அதுக்குன்னே ஒரு மேசை இருக்கு. அங்க என்ன வேணும்னாலும் பேசலாம்னு நானே சட்டம் போட்டிருக்கேன்."

"பொண்ணு கேட்டு வர்றவங்களச் சாக்கட ஓரமாவா உக்கார வெப்பீங்க?" வெரோனிகா பதறினார். "நான் கேக்கு பண்ணியிருக்கேன்!"

"கேக்கையும் எடுத்துக்கம்மா. பூனைக்கும் ஆவும்."

சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானா கடையில், செங்கல் வைத்த குட்டைக்கால் மேசையைச் சுற்றிப் பத்து நாற்காலி போடப்பட்டிருந்தது. நானா மேசைக்குத் துணி விரித்து, கால்வாய் ஓரம் ஒரு கட்டு கொசுவத்தியும் கொளுத்தியிருந்தார். ஃபேனுக்குக் கீழே இருந்த நல்ல மேசை காலியாகக் கிடந்தது. முகுந்தனின் அப்பா சபாபதி, ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், வெள்ளை வேட்டியில் வந்து இறங்கி, சாக்கடையைப் பார்த்து, மனைவி ரமணியைப் பார்த்து, மறுபடி சாக்கடையைப் பார்த்தார். ரமணி கையில் பூ, பழம், வெற்றிலை வைத்த தட்டு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஆ சூன் பூனையைத் தூக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். முகுந்தனும் விவியனும் எதிரெதிரே உட்கார்ந்து மேசைத் துணியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கேக் வெட்டினார்கள். தேநீர் வந்தது. யாரும் பேசவில்லை.

சபாபதி நல்ல மனிதர். சும்மா இருக்கிற இடத்தில் ஏதாவது பேசவேண்டும் என்று தெரிந்தவர். "ஃபெடரல் ஹைவேல இன்னைக்கு ஜாம் பாருங்க, பயங்கரம்..."

விசில் ஒலித்தது.

சபாபதி கேக்கைக் கீழே போட்டார். பூனை அதைக் கவனித்துக்கொண்டது.

"மன்னிச்சிருங்க பாஸ்" என்றார் தம்புசாமி. "இந்த மேசையில ஜாம் பேசக்கூடாது. பேசினா அந்த மேசை." ஃபேனுக்குக் கீழே இருந்த நல்ல மேசையைக் காட்டினார்.

சபாபதி சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பஸ் டிரைவர். ஒன்றும் புரியாமல் கிளாஸை எடுத்துக்கொண்டு போய் நல்ல மேசையில் தனியாக உட்கார்ந்தார். ஃபேன் அவர் வேட்டியைப் பறக்கவிட்டது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது ரமணிதான். பிறகு விவியன். பிறகு எல்லாரும். "எத்தன நிமிஷம் உக்காரணும்?" என்று அங்கிருந்தே சபாபதி கேட்டதும் நானாவும் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கொர்னேலியஸ் கேட்டுவிட்டார். சுற்றி வளைக்காமல், தம்புசாமியிடம் கேட்ட அதே வார்த்தையில். நான் செத்தா எம்பொண்ண விடுவீங்களா?

சபாபதி கிளாஸைக் கீழே வைத்தார். "இதுக்கு எங்கிட்ட பதில் ரெடியா இல்லண்ணே. எங்கள யாரும் இப்பிடிக் கேட்டதில்ல."

"எனக்கும் இதே கேள்விதான்" என்றார் ரமணி. எல்லாரும் திரும்பினார்கள். அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரே பையன். நான் செத்தா, மருமக நம்ம சடங்குல வந்து நிப்பாளா, இல்ல எங்க சாமிக்கு ஆகாதுன்னு வாசல்லயே நின்னுடுவாளா? ரெண்டு மாசமா இதான் மனசுல. இவருகிட்டகூட சொல்லல. பொண்ணு வீட்டுல எப்பிடிக் கேக்கறது, தப்பா நெனைப்பாங்கன்னு இருந்தேன்."

கொர்னேலியஸ் அந்த அம்மாளைப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கிள்ளானில் ஒருவரும் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒருவரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் படுத்திருக்கிறார்கள்.

விவியன்தான் பேசினாள். "ரெண்டு பேரும் மொதல்ல சாகாம இருங்க. அப்பிடியே ஆனாலும், அப்பாவுக்கு ஜெபமாலையும் சொல்லுவேன், ஆன்டிக்கு முன்னாடியும் நிப்பேன். என் காலு, ரெண்டு எடத்துலயும் நான்தான் நிக்கப்போறேன். ஆனா ஒண்ணு. எது வேணும்னாலும் இந்த மாதிரி நேராக் கேளுங்க. மனசுல வச்சிக்கிட்டு மொகத்தக் காட்டாதீங்க."

"நான் எழுதிக் குடுக்கறேன்" என்றான் முகுந்தன். அவன் அன்று பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ பல்லக் காட்டு, போதும்" என்றார் கொர்னேலியஸ். அவர் கண் கலங்கியிருந்தது. கொசுவத்திப் புகை என்று சொல்லிக்கொண்டார். ரமணி தட்டைத் தூக்கி நீட்டினார். அவர் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. வாயைத் திறக்க அனுமதி கிடைத்ததும் யாரும் மூடவில்லை. பூசையில் கொடுக்கிற அப்பத்தைக் கடிக்கலாமா, முழுங்கணுமா என்று சபாபதி கேட்டார். விபூதி எதிலிருந்து வருகிறது என்று வெரோனிகா கேட்க, உண்மையைச் சொன்னதும் "ஐயோ" என்றார். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி ஆளுக்கொரு சாமி கும்பிட்டால் சீனர்களின் பேய் மாதத்தில் செத்தவர்களுக்குப் படையல் யார் வைப்பது என்பது ஆ சூன் வீட்டில் இன்னும் தீராத சண்டை என்று தெரியவந்தது. எதற்காகக் கடையைப் பகலில் மூடுகிறேன் என்று நானா ஏழு வருடத்துக்கும் சேர்த்து விளக்கினார். கல்யாணச் சாப்பாடு சைவமா அசைவமா என்பதில் மட்டும் சம்பந்திகள் இருவரும் மேசையைத் தட்டிக்கொண்டார்கள். அது முடிவாகவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். யாரும் சொல்லாமலே லோங்காங் மேசையில் உட்கார்ந்தார்கள். தே ஓ கோசோங் வந்தது.

"நான் ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று தம்புசாமி லோரிக்குப் போனார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். ராஜனின் நம்பரை அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான்."

"என்னா மச்சான், யாருக்கு என்னா ஆச்சு?" என்று பதறிய குரல்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கோம். அன்னைக்கு நீ அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன்னு சொன்னே. ஏன் போட்டேன்னு நான் கேக்கவே இல்ல மாப்ள. இப்ப சொல்லு."

ராஜன் சொன்னான். ஐம்பது நிமிடம் மூச்சு விடாமல் சொன்னான். அவன் வேலை போனது, அப்போது அந்தக் கட்சிக்காரன் ஒருத்தன் வீடு தேடி வந்து உதவியது, தங்கை அதை அண்ணனிடம் சொல்ல வெட்கப்பட்டது, எல்லாம் வந்தது. ரெண்டு தடவை தம்புசாமியின் கை கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

எல்லாம் கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "சரி. நீ சொன்னது இன்னமும் தப்புதான்னு நெனைக்கிறேன். எப்பிடித் தப்புன்னு போன்ல சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம சீதாவக் கூட்டிக்கிட்டு கிள்ளானுக்கு வா. ஒரு மேசை இருக்கு. மூக்க மட்டும் கொஞ்சம் பொத்திக்க."